சொந்த நடையில் எழுதுக

நம் தபால்வழி டிகிரியின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சென்ற வாரம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறைமலை நகர் பள்ளிக்கூடத்தின் மாடியில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சுகளில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேர் ராத்திரி ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்தவர்கள். நம் பிள்ளை வயதில் இருக்கிற சார் போர்டில் 'என் கற்றல் இலக்குகள்' என்று எழுதினார். அடுத்த வாரம் ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றார். "நெட்ல இருந்து எடுக்காதீங்க. உங்க சொந்த நடையில எழுதுங்க."

என் பக்கத்தில் இருந்த வெல்டிங் பிரிவு அண்ணன் மட்டும், "இனிமே நமக்கு இன்னா இலக்கு. முட்டி வலிக்காம மாடி ஏறுனா போதும்" என்று மெதுவாகச் சொன்னார். அருகில் இருந்தவர்கள் சிரித்தோம். சார் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றோம்.

நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது. வேறு ஊர்களில் அது ஒரு வயதே இல்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் இந்தச் சாலையில் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் இருப்பவர்களைத்தான் கம்பெனியில் லைன் வேலைக்குக் கேட்கிறார்கள். இங்கே நாற்பது என்றால் முதுமைதான். அந்த முதுமையில் உட்கார்ந்து ஐந்து பக்கத்தை ஆரம்பித்தேன். இலக்கு என்ற சொல்லைத் தாண்டிப் பேனா போகவில்லை. அந்தச் சொல்லை நான் முதன்முதலில் எழுதியது பத்தாவது படித்த வருஷத்தில். அதை எழுதினால்தான் இதை எழுத முடியும் என்று தோன்றியது. எனவே உங்களுக்கு முதலில் இது.

எங்கள் பள்ளிக்கூடம் சேரப்பணஞ்சேரிக்கும் வல்லம் வடகாலுக்கும் நடுவில், இப்போது லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருந்தது. அந்த வருஷம்தான் எங்கள் பக்கத்து வயல்களில் முதல் கம்பெனிக்கு மண் கொட்ட ஆரம்பித்தார்கள். காலையிலிருந்து டிப்பர் ஓடும். செம்மண் தூசு ஜன்னல் வழியாக வந்து பெஞ்சில் படியும். ஒவ்வொரு பீரியடும் முதலில் கையால் பெஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் நோட்டைத் திறப்போம். வெள்ளைத் தாவணி மாலையில் ரோஜா நிறத்தில் இருக்கும். என் பத்தாவது வகுப்பின் வாசனை என்ன என்று யாராவது கேட்டால், டீசலும் ஈரமண்ணும் என்றுதான் சொல்வேன்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் சுதந்திர தினத்துக்கு வந்து மேடையில் பேசினார்கள். பள்ளியில் முதல் மதிப்பெண் எடுக்கிற பிள்ளையைக் காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் வைத்து, பன்னிரண்டாவது வரை படிக்க வைப்பதாகச் சொன்னார்கள். அப்பா அன்று கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே நிலத்தின் கேட்டில் வாட்ச்மேனாக நிற்க ஆரம்பித்திருந்தார் அவர். நான் ஒன்பதாவது வரை முதல் ரேங்க். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே, "அந்த சீட்டு நம்முளுது" என்றார். என்னிடம் கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை. முடிவாகிவிட்ட விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் வகுப்பாசிரியையான கணக்கு டீச்சர் ஒரு பெரிய சார்ட் பேப்பர் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் இரண்டு கட்டங்கள். ஒன்றில் எடுக்கப்போகும் மார்க், இன்னொன்றில் வாழ்க்கையின் இலக்கு. நான் டாக்டர் என்று எழுதினேன். எனக்கு முன்னால் எழுதியவள் டாக்டர் என்று எழுதியிருந்ததுதான் காரணம். கலெக்டர்கள் நிறையப் பேர். பைலட் ஒருவன். அவன் அதுவரை விமானத்தைத் தலைக்கு மேலே மட்டும்தான் பார்த்திருந்தான்.

கடைசி பெஞ்சிலிருந்து அக்கா எழுந்து வந்து எழுதினாள். நாங்கள் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்களைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் அம்மாவுக்குத் தாமதமாக ஒரு பெண் குழந்தை பிறந்து, அம்மா எழுந்திருக்க முடியாமல் கிடந்ததால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாவதோடு நின்றவள். பத்தாவது பாஸானவர்களைக் கம்பெனியில் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்திருந்தாள். இலக்கு என்ற கட்டத்தில் அவள், 'கம்பெனி பஸ்ஸில் போகணும்' என்று எழுதினாள்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. வெள்ளைத் தாளை வெட்டி அதன்மேல் ஒட்டி, 'ஆசிரியை' என்று தன் கையெழுத்தில் எழுதினார். "கனவு காணும்போதாவது பெருசாக் காணும்மா" என்றார் அன்பாகத்தான். ஆனால் அந்தச் சார்ட் முழுவதிலும் எதற்குப் படிக்கிறோம் என்று தெரிந்து எழுதியவள் அவள் ஒருத்திதான். இப்போது அது தெரிகிறது. அன்று நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் ஹெச்.எம். நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியே ஆகவேண்டும் என்றிருந்தார். அதனால் நன்றாகப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் படிப்பு வராத ஒருவரைப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு அக்கா வந்தாள்.

பள்ளி விட்டதும் நாங்கள் போய் உட்கார்ந்தது ஒரு சிமெண்ட் குழாய்க்குள். புதுச் சாலைக்கு அடியில் புதைப்பதற்காகப் பெரிய பெரிய குழாய்களை வயல் ஓரமாக உருட்டிப் போட்டிருந்தார்கள். உள்ளே ஓர் ஆள் குனியாமல் உட்காரலாம். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். முதுகை வளைவில் சாய்த்து, காலை எதிர் வளைவில் ஊன்றினால் கட்டிலைவிடச் சுகம். பேசினால் குரல் கொஞ்சம் பெருத்து நம்மிடமே திரும்பும். அக்கா தன் தங்கச்சியை இடுப்பில் தூக்கிவருவாள். அந்தக் குழந்தை குழாயின் ஒரு வாயில் நின்று "ஊ" என்று கத்தி, மறு வாய்க்கு ஓடும். அந்தக் குழாய்கள் இப்போதும் நம் பஸ் போகிற சாலைக்கு அடியில்தான் கிடக்கின்றன. மேலே போகும்போது எது எங்கள் குழாய் என்று தெரியாது.

எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான். மனப்பாடம். தமிழ்க் கட்டுரைகள் பன்னிரண்டையும் முன்னுரையிலிருந்து முடிவுரை வரை ஒரு கமா பிசகாமல் ஒப்பிப்பேன். அக்காவுக்கு முதல் வரி வரும். இரண்டாவது வரியில் நின்றுவிடுவாள்.

"மானிடப் பிறவி எடுத்த நாம்..." என்று எடுத்துக் கொடுப்பேன்.

"எடுத்த நாம். எடுத்த நாம். எடுத்து எங்க வெச்சோம்னு தெர்லயே" என்பாள்.

"வெளையாடாதக்கா."

"வெளையாடலம்மே. இத்த யாரு பேசுறாங்கன்னே தெர்ல எனக்கு. யாருன்னு தெரியாதவங்க பேச்சு எப்டி மனசுல நிக்கும்?"

எனக்கு அழுகை வரும். நூலக ஓரத்தில் மரத்தடியில் படிக்கிற மற்ற ஜோடிகள் எல்லாம் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி மாதம், நல்ல மழை. 'ஒரு மழைநாள்' என்ற கட்டுரையை நாலு நாளாக உருப்போட்டும் அவளுக்கு வரவில்லை. குழாயின் இரண்டு வாயிலும் மழை திரை போட்டிருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"போன வருசம் நெலம் அளக்க வந்தாங்க இல்ல, அன்னிக்கும் இப்டித்தான் மழ. ஜீப்பு எங்கூட்டாண்ட சேத்துல மாட்டிக்கிச்சு. ஆபீசருங்க மூணு பேரு எங்க வூட்டுக்குள்ள ஓடியாந்துட்டாங்க. உக்கார எடம் ஏது. ஆட்டுக்குட்டிய நவுத்திட்டு உக்காந்தாங்க. கையில பெரிய மேப்பு, நனைஞ்சு தொங்குது. அந்த ஆபீசரு அழுதுடுவாரு போல கீது. எங்கம்மா இன்னா பண்ணிச்சு, அத்த வாங்கி அடுப்பு மேல கவுத்த கூடை மேல விரிச்சிச்சு, காயட்டும்னு. அப்பால எல்லாரும் சுத்தி நின்னு பாக்கறோம். எங்கம்மா கேட்டுது, இதுல எங்க வூடு எங்க கீது சார்னு. அவரு வெரல வெச்சாரு. அந்த வெரலுக்கு அடியில எங்க வூடு, கொல்ல, கெணறு எல்லாம் போயிடுச்சு. ஒண்ணும் தெர்ல. வெரல்தான் தெரியுது."

நான் நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பிறகு, "இதையே எழுதுக்கா" என்றேன்.

"இத்தயா? கீது பூதுன்னு எழுதுனா தமிழய்யா அடிப்பாரு."

"கீதுன்னு வந்தா இருக்கிறதுன்னு எழுது. வூடுன்னா வீடு. இன்னான்னா என்ன. நீ வாயால சொல்லிக்கினே வா, கை மட்டும் மாத்திக்கினே போவட்டும்."

அன்று அவள் இரண்டு பக்கம் எழுதினாள். 'கூடை மேல் விரித்தார்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து, "எங்கம்மாவுக்கு 'ஆர்' போட்டா யாரோ மாதிரி கீது" என்றாள். அம்மாவுக்கு 'ஆர்' போட்டுத்தான் ஆகவேண்டும் என்றேன். சரி என்று வைத்துக்கொண்டாள். எழுத்துப் பிழைகள் நிறைய. ஆனால் ஒரு வரிகூட நிற்கவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய் என் 'மழைநாள்' கட்டுரையைப் படித்தபோது, அதில் மழை பெய்யவே இல்லை என்று பட்டது.

அரையாண்டில் அந்தக் கேள்வியே வந்தது. 'ஒரு மழைநாள் பற்றிச் சொந்த நடையில் எழுதுக.' அக்கா எழுதினாள். தமிழய்யா பத்துக்கு இரண்டு போட்டார். அதனால் தமிழில் ஃபெயில். கணக்கிலும் ஃபெயில்.

அவள் பேப்பரை எடுத்துக்கொண்டு தமிழய்யாவிடம் போனேன். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றிருந்தார். "ஐயா, சொந்த நடையிலன்னுதானே ஐயா கேட்டிருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பேப்பரை வாங்கி அங்கேயே நின்று படித்தார். அப்போதுதான் அதை முழுதாகப் படிக்கிறார் என்று தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா கேள்வில அப்படித்தான் போடுவாங்கம்மா. திருத்துறவர் கட்டுக் கட்டா வெச்சிக்கினு உக்காந்திருப்பாரு. தலைப்பு இருக்கா, மேற்கோள் இருக்கா, முடிவுரை இருக்கான்னுதான் பாப்பாரு. புள்ள இன்னா சொல்லுதுன்னு படிக்க அவருக்கு ஏது நேரம்?" சைக்கிளை நகர்த்திக்கொண்டே திரும்பினார். "உள்தலைப்பு போடச் சொல்லு. மேல ஒரு மேற்கோள், கீழ ஒரு மேற்கோள். நடுவுல அவ எத்த வேணா எழுதிக்கட்டும்."

மார்க்கை மாற்றவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் படிக்காமலேயே இரண்டு போட்டவரும் அவர்தான். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

மறுநாள் ஹெச்.எம். அக்காவின் அப்பாவை வரச்சொல்லியிருந்தார். டிராக்டரிலிருந்து இறங்கி நேரே வந்தவர், உள்ளே வந்தால் தரை அழுக்காகிவிடும் என்று வாசற்படியிலேயே நின்றார். அக்கா அவருக்குப் பின்னால். நான் வருகைப் பதிவேடு கொடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"பப்ளிக் எக்ஸாமுக்குப் பேரு அனுப்பறதுக்கு முன்னாடி டி.சி. வாங்கிக்கிங்க. அடுத்த வருசம் தனியா எழுதட்டும்" என்றார் ஹெச்.எம்.

அக்காவின் அப்பா, "அடுத்த வருசம் எங்க சார் எழுதும். எங்க மச்சான் கேட்டுக்கினே கீறான், கட்டிக் குட்த்துருவோம்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு வேலை குறைந்தது என்பதுபோலச் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு பாவாடை நாடாவைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், அவங்க பாஸாயிடுவாங்க சார்" என்று சொன்னது நான்தான் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

ஹெச்.எம். திரும்பினார். "நீதானே இவளுக்கு லீடர். பாஸ் பண்ண வெச்சிடுவியா?"

"வெச்சிடுவேன் சார்."

"ஒண்ணு தவறினாலும் ஸ்கூல் பேரு போயிடும். நீ பொறுப்பு ஏத்துக்கிறியா?"

ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். அவர் டி.சி. புத்தகத்தை மூடி வைத்தார். எனக்குப் பதினைந்து வயது. இப்போது எங்கள் லைனில் ஒரு போல்ட் முறுக்கியது சரி என்று சொல்வதற்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஒருத்தர் மேல் மட்டும் எதையும் ஏற்றக்கூடாது என்று டிரெயினிங்கில் சொல்லித் தருகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த அறை நினைவுக்கு வருகிறது.

தை முதல் பங்குனி வரை குழாய்க்குள்ளேயே இருந்தோம் என்று சொல்லலாம். அக்கா நாலு மேற்கோள் மட்டும் மனப்பாடம் செய்தாள். உள்தலைப்புகள் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தவை: மழையின் வருகை, விருந்தினர் வருகை, நிலப்படம், முடிவுரை. எந்தத் தலைப்பு கொடுத்தாலும் அந்த ஜீப்பை அதற்குள் கொண்டுவந்து நிறுத்தப் பழகிக்கொண்டாள். மழைநீர் சேமிப்பா, ஜீப் வரும். தொழில் வளர்ச்சியா, ஜீப் வரும். விருந்தோம்பல் என்றால் கேட்கவே வேண்டாம். கணக்கில் பாஸுக்கு வேண்டிய இரண்டு பாடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டோம். வட்டம் போட காம்பஸ் ஒன்றுதான் இருந்தது, என்னுடையது. தேர்வன்று அவளுக்கு என் அத்தை வீட்டிலிருந்து இன்னொன்று வாங்கி வந்தேன்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "ஊரான் புள்ளைக்குப் பாடம் எட்த்துக்கினு உன்னுத கோட்ட வுடாத" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அம்மா, "சொல்லிக் குட்த்தா அவளுக்கும்தான் மனசுல நிக்கும், வுடுங்க" என்றாள். அம்மா சொன்னது உண்மைதான்.

கணக்குத் தேர்வில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பத்து மார்க், வரைபடம். எனக்கு எட்டாவதிலிருந்தே வரைபடம் வராது. மனப்பாடம் செய்ய முடியாத ஒன்று கணக்கில் அதுதான். அளவுத்திட்டத்தைத் தப்பாக எடுத்துவிட்டேன். வளைகோடு தாளுக்கு வெளியே போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் வெளியே போனது. மணி அடித்துவிட்டது. தாளில் அழித்த கறை மட்டும் இருந்தது. வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லோரும் அக்கா எப்படி எழுதினாள் என்றுதான் என்னிடம் கேட்டார்கள்.

வைகாசியில் முடிவு வந்தது. எங்கள் பள்ளி நூறு சதவீதம். அக்கா பாஸ். கணக்கில் எல்லையில் தட்டித் தப்பித்தவள் தமிழில் வகுப்பில் ஐந்தாவதோ ஆறாவதோ வந்திருந்தாள். நான் பள்ளியில் இரண்டாவது. முதலில் வந்த பையனுக்கும் எனக்கும் இடையில் அந்த வரைபடத்தின் பத்து மார்க் வித்தியாசம்கூட இல்லை. காஞ்சிபுரம் ஹாஸ்டல் சீட் அவனுக்குப் போனது. ஹெச்.எம். எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். என் முதுகில் தட்டிக்கொடுத்து, "சொன்ன மாதிரி செஞ்சிட்டே" என்றார். அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

அன்று மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். புதுத் தாவணி. கையில் ஒரு மைசூர்பாகு பெட்டி. அப்பா டூட்டியிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் உள்ளே விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"மாமா, பாஸாயிட்டேன்" என்றாள்.

அப்பா செம்பைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. "எம் பொண்ணு மார்க்க நீ துன்னுட்டே. வயிறு ரொம்பிச்சா? போ" என்றார்.

நான் வாசலுக்கு ஓடிவந்தபோது அவள் பெட்டியைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய்விட்டிருந்தாள். பின்னாலேயே ஓடினேன். குழாய் கிடந்த இடம் வரை சேர்ந்து நடந்தோம். அப்பா கோபத்தில் சொல்லிவிட்டார் என்றேன். "பரவால்ல, பெரியவங்க" என்றாள். அவள் மனதில் அது ஒட்டவில்லை என்றே நினைத்தேன்.

மறுவாரம் கம்பெனி கேட்டுக்குப் போனோம், அப்பாவுக்குத் தெரியாமல் அவர் டூட்டி இல்லாத நேரம் பார்த்து. பிள்ளைகள் மார்க் ஷீட்டோடு நின்றிருந்தார்கள். போர்டில் ஆள் தேவை என்று எழுதி, தகுதி பன்னிரண்டாம் வகுப்பு என்று போட்டிருந்தது. போன மாதம் வரை பத்தாவது என்றிருந்ததாம். நிறையப் பேர் வருகிறார்கள் என்பதால் உயர்த்திவிட்டார்களாம். செக்யூரிட்டி கேட்டைத் திறக்கவே இல்லை. அக்கா போர்டை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, "சரி வா, வெயிலு" என்றாள்.

மாமனைக் கட்டிக்கொள்ளவில்லை, அதுவரை நல்லது. மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கம்பெனி கேண்டீனில் கான்டிராக்டில் சேர்ந்து, இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். நான் உள்ளூரிலேயே பன்னிரண்டாவது முடித்து லைனுக்குப் போனேன். ஒவ்வொரு முறை குடும்பத்தில் படிப்புப் பேச்சு வரும்போதும் அப்பா சொல்வார்: "அவ மட்டும் இல்லன்னா எம் பொண்ணு இந்நேரம் டாக்டரு." என் கல்யாணத்தில் சொன்னார். என் மகன் பத்தாவது எழுதியபோதும் சொன்னார். என்னை உயர்த்திப் பேசுவதாகத்தான் அவர் நினைத்தார். பத்தாவதில் நான் வாங்கிய மார்க்கை, அது என் மார்க்தான் என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

நேற்று சனிக்கிழமை. ஐந்து பக்கத்தில் ஒன்றுகூட முடியாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு வார விடுமுறை. சோறு வடித்துவிட்டு, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து கேண்டீன் ஏப்ரனுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சார் சொன்னதைச் சொன்னேன்.

"நீ இன்னாத்துக்குப் படிக்கிற இப்போ?" என்று கேட்டாள்.

"டிகிரி இருந்தா சூப்பர்வைசர் போஸ்டுக்குப் போடலாம்."

"இந்த வயசுலயா? பொய் சொல்லாத."

கொஞ்சம் யோசித்தேன். "ஒரு தடவையாச்சும் என் மார்க்கு என்னுதுதான்னு பாக்கணும். அதுக்குத்தான்."

அவள் ஊசியை நிறுத்தினாள். பேச்சு வேறு எங்கோ போய்விட்டதை அவள் முகத்தில் பார்த்தேன். பொத்தானைப் பார்த்தபடி நிமிராமல் கேட்டாள்.

"மெய்யாவே என்னாலதான் கொறைஞ்சுதா அன்னிக்கு?"

எனக்குப் புரியவில்லை. "எது?"

"உங்கப்பா சொன்னது. உன் மார்க்க நான் துன்னுட்டேன்னு."

"அய்யோ, அது இல்லக்கா. கணக்குல கிராப்பு. எனக்கு எப்பவுமே கிராப்பு வராது. அளவு தப்பா எட்த்துட்டேன். நீ அந்தப் பக்கமே வரல."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்போ நான் துன்னல."

"இல்ல."

அவள் கையிலிருந்த ஏப்ரனை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "கேண்டீன்ல எங்க மேடம் ரெண்டு தடவ சொல்லிச்சு, பன்னெண்டாவது எழுதுன்னு, ஸ்டோர்ஸ்ல போடறேன்னு. எழுதல. எதுக்கு, நாம எழுதுனா யாருக்காச்சும் கொறையும்னு வுட்டுட்டேன்." பிறகு, கோபமே இல்லாமல், "இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல" என்றாள்.

"நீ கேக்கலியேக்கா. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எப்டித் தெரியும்? நீதானே எனக்குப் பொறுப்பு."

வெளியே தெருவில் இரண்டாவது ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்கு மிகவும் களைப்பாக இருந்தது. ஒரு மனுஷன் கால் கழுவிக்கொண்டே சொன்ன ஒற்றை வார்த்தை. அதை என் வீட்டில் நானும் இவள் வீட்டில் இவளும், ஒருவருக்கொருவர் காட்டாமல், இத்தனை வருஷம் சுமந்திருக்கிறோம். அப்பாவுக்கு இப்போது காது கேட்பதில்லை. அவரிடம் போய்ச் சொல்லவும் முடியாது.

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. அங்கிருந்தே கேட்டாள்.

"உன்ன மாதிரி அந்த நாயித்துக்கெழமை கிளாசுக்கு நான் வரணும்னா இன்னா பண்ணணும்?"

"மொதல்ல பன்னெண்டாவது எழுதணும் நீ."

"எத்தினி பேப்பரு?"

"ஆறு."

பிறகு இரண்டு தட்டோடு வந்து ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"தமிழ் கீதா அதுல?"

"மொத பேப்பரே தமிழ்தான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, எனக்குக் குழம்பை ஊற்றினாள்.